நம்மைப் பார்க்காத கண்கள்

*தில்லியின் தேசிய நவீன ஓவியக்கூடத்தில் அம்ருதா ஷேர்கில்லின் படங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் சீக்கிரம் நகர்வதில்லை. 28 வயதில் மறைந்த ஒரு பெண்ணின் தூரிகைக்கு அப்படி என்ன பிடிமானம்?*

இந்தியா கேட்டைச் சுற்றும் வாகன இரைச்சலிலிருந்து ஒதுங்கி ஜெய்ப்பூர் ஹவுஸின் வளாகத்துக்குள் நுழையும் சென்னைவாசி எவரும் ஒரு கணம் திகைக்கத்தான் செய்வார். நரம்பு புடைக்க, உடம்பை வில்லாக வளைத்து, ஒரு பாறையை நெம்பும் நான்கு மனிதர்கள் அங்கே நிற்கிறார்கள். மெரினா கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட அதே உழைப்பாளர் சிலை. ஒன்று வங்காள விரிகுடாவைப் பார்த்து நிற்கிறது. மற்றது தலைநகரின் புல்வெளியில். இரண்டையும் வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைத்தொழில் பள்ளியின் முதல்வராக இருந்தவர்.

"அட, நம்ம உழைப்பாளர் சிலை!" என்று கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அந்த மூதாட்டி சொன்னதில் ஊர்க்காரரைச் சந்தித்த சந்தோஷம். நாற்பது வருடங்களுக்கு மேல் தபால் நிலையக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். மகன் குடும்பம் ராமகிருஷ்ணபுரத்தில். குளிர்கால விடுமுறையில் தில்லிக்கு வருவது வழக்கம். மலை மந்திர், பிர்லா மந்திர், செங்கோட்டை, குதுப்மினார் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. இந்த முறை கல்லூரியில் படிக்கும் பேத்தியின் முறை. "பாட்டி, ஒரே ஒரு இடம். பிடிக்கலேன்னா பத்து நிமிஷத்துல வெளில வந்துடலாம்" என்பது ஒப்பந்தம்.

அவர்கள் வெளியே வர மூன்று மணி நேரம் ஆயிற்று.

ஜெய்ப்பூர் ஹவுஸ் அரண்மனையாகப் பிறந்த கட்டடம். புதிய தலைநகரில் சமஸ்தானாதிபதிகள் தங்குவதற்காக எழுந்த மாளிகைகளில் ஒன்று. ஜெய்ப்பூர் மகாராஜாவுக்காக ப்ளோம்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1936இல் முடித்தார். நடுவில் குவிமாடம், இரு பக்கமும் விரிந்த சிறகுகள். மேலிருந்து பார்த்தால் பட்டாம்பூச்சி. சுதந்திரத்துக்குப் பின் மகாராஜாக்கள் போனார்கள், படங்கள் வந்தன. 1954 மார்ச் 29 அன்று நேரு முன்னிலையில் ஓவியக்கூடத்தைத் திறந்து வைத்தவர் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். பொறுப்பேற்ற முதல் காப்பாளர் ஹெர்மன் கோயட்ஸ், ஜெர்மானியக் கலை வரலாற்றாளர். இன்று 17,000க்கும் அதிகமான படைப்புகள் இதன் சேகரிப்பில் இருக்கின்றன. 2009இல் பக்கத்திலேயே பெரிய புதிய கட்டடமும் வந்துவிட்டது.

இத்தனை படைப்புகளுக்கு நடுவே இந்த இடத்துக்கு ஒரு மையம் உண்டு என்றால் அது அம்ருதா ஷேர்கில்தான். அவர் வரைந்தவற்றில் நூறுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் அவருடைய குடும்பத்தினரிடமிருந்து வந்தவை. உலகில் வேறெங்கும் இத்தனை ஷேர்கில் படங்களை ஒரே கூரையின் கீழ் பார்க்க முடியாது. எல்லாமும் எப்போதும் சுவரில் இருப்பதில்லை. மாற்றி மாற்றித் தொங்கவிடுகிறார்கள். என்றாலும் எந்தக் காலத்திலும் ஒரு கைப்பிடியாவது காணக் கிடைக்கும். அது போதும்.

முதலில் கண்ணில் படுபவை பாரிஸ் காலத்துப் படங்கள். பார்ப்பவருக்கு ஒரு சின்ன ஏமாற்றம்கூட ஏற்படலாம். நன்றாக வரையப்பட்ட, கெட்டிக்காரத்தனமான, ஐரோப்பிய ஓவியங்கள். 1932இல் தீட்டிய 'இளம் பெண்கள்' அவற்றில் பேர்போனது. இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி நேர்த்தியாக உடுத்தி நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாள். இன்னொருத்தியின் பொன்னிறக் கூந்தல் முகத்தை மறைக்க, உடை கலைந்து கிடக்கிறது. முதலாமவள் ஓவியரின் தங்கை இந்திரா. இந்தப் படம்தான் 1933இல் பாரிஸின் கிராண்ட் சலோன் அமைப்பில் இருபது வயது அம்ருதாவுக்கு உறுப்பினர் அந்தஸ்தை வாங்கித் தந்தது. அந்த வயதில் அந்த கௌரவம் பெறுவது அதுவரை நடந்திராத விஷயம்.

பூர்வீகத்தைப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. அம்ருதா பிறந்தது 1913 ஜனவரி 30 அன்று புடாபெஸ்டில். தந்தை உம்ராவ் சிங், மஜீதியா வம்சத்து சீக்கியப் பிரபு. சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். இந்தியாவின் ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர்களில் குறிப்பிடத்தக்கவர். தாய் மேரி அந்துவானெத், ஹங்கேரியப் பாடகி. முதல் உலகப் போர் குடும்பத்தை ஹங்கேரியிலேயே முடக்கிப் போட்டது. 1921இல்தான் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறினார்கள். பெண்ணின் கையில் இருந்த திறமையைக் கண்டு 1929இல் பதினாறு வயதில் பாரிஸுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஐந்து வருடம். புகழ்பெற்ற எகோல் தெ போஸார் கல்லூரியில் லூசியன் சிமோனிடம் படிப்பு. ஆண்டுதோறும் பரிசுகள்.

அத்துடன் நின்றிருந்தால் பாரிஸின் நல்ல ஓவியர்கள் நூறு பேரில் ஒருவராக அம்ருதா இருந்திருப்பார். ஆனால் அவரை வேறு ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. அவருடைய நிறங்களுக்குக் கிழக்குத் தேசமே உகந்த இடம் என்று ஆசிரியர் ஒருவர் சொன்னதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஓவியராகத் தன் விதி இந்தியாவில்தான் இருக்கிறது என்ற பிடிவாதமான நம்பிக்கையோடு 1934 கடைசியில் திரும்பினார். வயது 21.

அடுத்த சுவருக்குப் போகும்போது பேத்தி மெல்லச் சொன்னாள்: "இங்கேருந்துதான் பாட்டி, வேற ஆளு."

வேறு ஆள்தான். பாரிஸ் படங்களில் வெளிச்சம் வெளியிலிருந்து வந்து முகங்களில் விழுந்தது. இங்கே நிறங்களே உள்ளுக்குள் கனன்று கொண்டிருக்கின்றன. 1935ஆம் ஆண்டின் 'மூன்று பெண்கள்'. மூன்று இளம் பெண்கள் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். தோளும் தோளும் கிட்டத்தட்ட உரசுகிறது. ஆனால் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கவில்லை. யாரும் நம்மையும் பார்க்கவில்லை. கண்கள் தாழ்ந்து எங்கோ தரையில் நிலைத்திருக்கின்றன. பின்னணியில் வீடில்லை, மரமில்லை, ஜன்னலில்லை. என்ன நடந்தது, என்ன நடக்கப் போகிறது என்று படம் சொல்லவில்லை. காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. எதற்காக என்பது பார்ப்பவர் கொண்டு வரவேண்டியது. 1937இல் பம்பாய்க் கலைச் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது இந்தப் படத்துக்குத்தான்.

கும்பகோணத்து மூதாட்டி அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு, யாரிடமும் இல்லாமல், "பொண்ணு பாக்க வரப்போறா மாதிரி இருக்கு" என்றார். கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் ஒரு படத்தைப் பற்றி அதைவிடப் பொருத்தமான ஒரு வரி கிடைப்பது கஷ்டம்.

நமது படங்கள் நம்மைப் பார்த்துப் பழகியவை. கோயிலில் தரிசனம் என்பது நாம் சாமியைப் பார்ப்பது மட்டுமல்ல. சாமி நம்மைப் பார்ப்பதும்தான். அதனால்தான் சிற்பி எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் கடைசியில் கண் திறக்கிறார். ரவி வர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக் கூடத்திலிருந்து நம்மை நேராகப் பார்க்கிறார்கள். காலண்டர் குழந்தைகூடப் பார்த்துச் சிரிக்கிறது. பார்க்கப்படுகிறோம் என்ற நிம்மதிக்குப் பழகிய கண், ஷேர்கில்லின் மனிதர்கள் முன்னால் தடுமாறுகிறது. அவர்கள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. இரக்கத்தையும் கேட்பதில்லை. ஒருவர் தன்னந்தனியாகத் தன் நினைப்பில் ஆழ்ந்திருக்கும் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்ட கூச்சம் நமக்கு ஏற்படுகிறது. இங்கே நிற்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வது அருங்காட்சியக விதிகளால் மட்டும் அல்ல.

அதே 1935இல் வரைந்த இன்னொரு படத்தின் பெயர் 'இந்தியத் தாய்'. முப்பது வருடங்களுக்கு முன், 1905இல், அவனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை நான்கு கைகளோடு காவியுடுத்திய தேவியாகப் படைத்திருந்தார். அந்தத் தாய் வரம் தருபவள். ஷேர்கில்லின் தாய் தர ஏதுமில்லாதவள். கறுத்த, களைத்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளோடு. சுதந்திரப் போராட்டத்தின் உச்சத்தில் தேசத்தின் பெயரை இப்படியொரு முகத்துக்குச் சூட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும். அதற்கு விளக்கம் சொல்ல ஓவியர் அருகில் நிற்கவில்லை. படத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அவர்மேல் அன்றும் இன்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. சிம்லாவில் பங்களா, பட்டுப் புடவை, பிரெஞ்சுப் பேச்சு, பிரபுக் குலம். இப்படி ஒருவர் ஏழைகளை வரைவது, ஏழைமையின் அழகை ரசிக்கும் பணக்காரப் பொழுதுபோக்கு அல்லவா? கேள்வி நியாயமானது. அம்ருதாவே அதை மறைக்கவில்லை. இந்தியர்களின், குறிப்பாக ஏழைகளின் வாழ்வைச் சித்திர மொழியில் சொல்வதே தன் நோக்கம் என்று எழுதியவர், அனுதாபத்தைப் பிழிந்தெடுக்கும் படங்களை வெறுத்தார். கோடும் நிறமும் வடிவமுமே அவருக்குப் பிரதானம். பதில் வேண்டுமானால் படங்களில்தான் தேட வேண்டும். அவருடைய மலைவாசிகள் கையேந்தி நிற்பதில்லை. கிழிசல் துணியைப் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. அவர்களுக்குள் நமக்கு அனுமதி இல்லாத ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தை ஓவியர் மிதிக்கவில்லை. மரியாதை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஒரு சுவரில் தொங்க முடியாது.

அந்த 'மலைப் பெண்கள்' படத்தின் பிரதி ஒன்றைப் பார்த்ததும்தான் மூதாட்டி நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இதை நான் வித்திருக்கேன்" என்றார். பேத்திக்குப் புரியவில்லை. தபால் தலை! நவீன இந்திய ஓவியங்கள் வரிசையில் 1978இல் தபால் துறை வெளியிட்ட தலைகளில் 'மலைப் பெண்க'ளும் ஒன்று. "எனக்குக் கல்யாணம் ஆன வருஷம். தாள் தாளா வந்துது. கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்தேன். யாரு வரைஞ்சா, யாரு இவங்கன்னு ஒருநாளும் பாத்ததில்லை." ஒரு படம் இந்தியாவின் கடைக்கோடி வரை பயணம் செய்தும், பார்க்கப்பட சுமார் ஐம்பது ஆண்டுகள் காத்திருந்திருக்கிறது.

ஷேர்கில்லின் வாழ்க்கையில் தெற்குக்குத் தனி இடம் உண்டு. 1936 கடைசியில் சக ஓவியர் பரதா உகிலுடன் சேர்ந்து தன் படங்களைக் கண்காட்சிகளில் வைக்கவும் விற்கவும் புறப்பட்டார். விற்பனை பரிதாபம். ஹைதராபாத்தில் நவாப் சாலார் ஜங் படங்களை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். ஆனால் பயணம் வேறு விதத்தில் பலித்தது. வழியில் அஜந்தா. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கலை முழுவதையும்விட அஜந்தாவின் ஒரு துண்டுச் சுவர் பெரிது என்று கடிதத்தில் எழுதும் அளவுக்கு அது அவரைப் புரட்டிப்போட்டது. பிறகு திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி. மட்டாஞ்சேரி அரண்மனையின் இருட்டு அறைகளில் ராமாயணச் சுவரோவியங்கள் முன்னால் உட்கார்ந்து நாள் கணக்கில் நகல் எடுத்தார். அந்த நாட்களில் அந்தச் சித்திரங்களை ஊன்றிப் பார்த்த நவீன ஓவியர்கள் மிகச் சிலரே.

கன்னியாகுமரியில் அவருக்குக் கிடைத்தவை வெயிலும் கறுத்த உடல்களும் வெள்ளைத் துணியும். சிம்லாவின் மூட்டத்தில் பழகிய கண்களுக்கு அது புதிய அரிச்சுவடி. சிம்லா திரும்பியதும் அந்த ஞாபகங்களிலிருந்து மூன்று பெரிய படங்கள் பிறந்தன. 1937ஆம் ஆண்டின் 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மசாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்'. தென்னிந்திய மும்மை என்று கலை வரலாறு இவற்றைக் குறிப்பிடுகிறது.

'பிரம்மசாரிகள்' படத்தில் ஐந்து பேர். வெள்ளை வேட்டி, வெற்று மார்பு, பூணூல், நெற்றியில் சின்னம். ஒருவன் சிவப்பு, இன்னொருவன் மாநிறம், மற்றவன் கறுப்பு. அஜந்தாவின் குகைச் சுவரிலிருந்து எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தது போன்ற கனம். "நம்மூர்ப் பாடசாலைப் பசங்க" என்று மூதாட்டி சட்டென்று அடையாளம் கண்டார். கும்பகோணத்தின் தெருக்களில் காலைவேளையில் வரிசையாகக் குளத்துக்குப் போகும் பையன்கள். பிறகு சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "பாவம், பசியா இருக்காங்களோ என்னவோ" என்றார். வைதிகத்தின் கம்பீரத்தையோ கேலியையோ அந்தப் படத்தில் தேடுபவர்கள் உண்டு. வீட்டை விட்டுப் பிரிந்து வந்த சிறுவர்கள் அதில் இருக்கிறார்கள் என்பதை ஒரு பாட்டிதான் முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறது.

'மணப்பெண் அலங்காரம்' அதற்கு அடுத்தது. நடுவே மணப்பெண். பின்னால் ஒருத்தி கூந்தலைப் பின்னுகிறாள். சுற்றிலும் பெண்கள், குழந்தை. மருதாணி பூசிய உள்ளங்கைகள் மட்டும் செந்தணலாகத் தெரிகின்றன. மருதாணி காயும்வரை எதையும் தொடக் கூடாதே. கைகளை அப்படியே விரித்து வைத்துக்கொண்டு, தன்னை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்யாண வீட்டின் இரைச்சல் ஏதும் படத்துக்குள் வரவில்லை. அவளைச் சுற்றி எத்தனை பேர் இருந்தாலும் அவள் தனியாகத்தான் இருக்கிறாள்.

இங்கேதான் மூதாட்டி பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பேத்தி கால் வலி என்று நினைத்தாள். "சந்தோஷமா இல்லை, பாரு. ஆனா அழவும் இல்லை" என்றார் பாட்டி. சற்றுப் பொறுத்து, "அன்னிக்கு என்கிட்டேயும் யாரும் கேக்கலை. நல்ல மனுஷர்தான். கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேக்கலை." இதைச் சொல்லும்போது குரலில் புகார் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்துக் கவுண்டரை மூடுவது போன்ற நிதானம். கண்களை மட்டும் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காவலாளி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இது புதிதல்ல போலிருக்கிறது.

ஓவியத்தின் முன்னால் அழுவது நம்மிடையே வழக்கமில்லை. பாட்டுக்கு உருகுவோம், சினிமாவுக்குக் கண்ணீர் விடுவோம். அவற்றில் கதையோ சொல்லோ நம்மைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறது. ஓவியம் அப்படி அழைப்பதில்லை. அது அசையாமல் இருக்கிறது, நாம்தான் போகவேண்டும். எண்பத்தைந்து, தொண்ணூறு வருடங்களாக அதே கைகளை விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம், தான் யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கும்பகோணத்துப் பெண்மணி சொல்ல முடிந்தது என்றால், அதற்கு அந்த அசையாமைதான் காரணம்.

படம் வரைந்தவரின் சொந்த மணவாழ்வு அவருடைய விருப்பப்படியே அமைந்தது. தாயின் எதிர்ப்பை மீறி 1938இல் ஹங்கேரியில் தன் உறவினரான டாக்டர் விக்டர் ஈகனை மணந்தார். அதே காலத்தில் பெற்றோர் சிம்லா வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த கடிதங்களை எரித்துவிட்டார்கள். அவற்றில் ஜவாஹர்லால் நேரு எழுதியவையும் அடக்கம். 1939இல் இந்தியா திரும்பிய தம்பதி, கோரக்பூர் மாவட்டத்தில் சராயா என்ற கிராமத்தில் வசித்தார்கள். அங்கே சித்தப்பா சுந்தர் சிங் மஜீதியாவின் சர்க்கரை ஆலை இருந்தது. ஈகன் மருத்துவம் பார்த்தார்; அம்ருதா வரைந்தார்.

சராயா காலத்துப் படங்கள் அளவில் சிறியவை, நிறத்தில் அடர்த்தியானவை. மொகலாய, ராஜபுதன, பஹாடி நுண்ணோவியங்களை ஊன்றிப் படித்திருந்தார். மஞ்சள் அரைக்கும் பெண்கள், பச்சைக் குளத்தில் குளிக்கும் யானைகள், கதை சொல்லும் கிழவர். 1940இல் தீட்டிய ஒரு படத்தில் சிவப்பு உடுத்திய ஒருத்தி கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறாள். பக்கத்தில் இன்னொருத்தி விசிறியோடு. கட்டிலின் கால்கள்கூடச் சிவப்பு. மதிய நேரத்துப் புழுக்கமும், பெரிய வீடுகளின் பெண்களுக்குத் தீராமல் நீளும் பொழுதும் அந்தச் சிவப்பில் இருக்கின்றன. செய்வதற்கு ஏதுமில்லாதவர்களின் சோகமும் சோகம்தான் என்று இந்தப் படம் காட்டுகிறது. ஏழைகளைப் பற்றிய கேள்விக்கு இதுவும் ஒரு பதில். தன் வர்க்கத்துப் பெண்களையும் அவர் விட்டு வைக்கவில்லை.

1941 செப்டம்பரில் லாகூருக்குக் குடிபெயர்ந்தார்கள். டிசம்பரில் பெரிய கண்காட்சி என்று ஏற்பாடு. மாதத் தொடக்கத்தில் திடீரென்று உடல்நலம் கெட்டது. டிசம்பர் 5 அன்று உயிர் பிரிந்தது. வயது 28. காரணம் பற்றி இன்றும் பல பேச்சுகள். அதே மாதம் கண்காட்சி நடந்தது, ஓவியர் இல்லாமல். ஏழு வருடம் கழித்து, 1948இல், தாய் மேரி அந்துவானெத் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டார்.

வரைந்துகொண்டிருந்த கடைசிப் படம் முற்றுப்பெறாமல் இந்த ஓவியக்கூடத்தில் இருக்கிறது. லாகூர் வீட்டிலிருந்து தெரிந்த காட்சி. கட்டடங்கள், எருமைகள். மனிதர்களின் மௌனத்தையே இத்தனை காலம் வரைந்தவர், இதில் வேறு திசையில் போகத் தொடங்கியிருந்தார் என்பது தெரிகிறது. உருவங்கள் வெறும் நிறத் திட்டுகளாக மாறப் பார்க்கின்றன. எங்கே போய்ச் சேர்ந்திருப்பார் என்று யோசிக்க வைக்கும் படம். நகரமோ ஆறு வருடத்தில் வேறு தேசமாகிவிட்டது.

உயிரோடிருந்தபோது வாங்க ஆளில்லாத படங்களின் இன்றைய கதை தெரிந்ததுதான். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஷேர்கில்லின் படைப்புகள் தேசியக் கலைச் செல்வங்கள். நாட்டை விட்டு வெளியே விற்க முடியாது. பெரும்பகுதி அரசிடம் இருப்பதால் ஏலத்துக்கு வருவது அபூர்வம். 2023 செப்டம்பரில் 1937ஆம் ஆண்டுப் படமான 'கதை சொல்லி' 61.8 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அதுவரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் அந்த விலையை எட்டியதில்லை. தில்லியில் அவர் பெயர் தாங்கிய சாலையில் வீடு வாங்க ஆகும் தொகையும் ஏறத்தாழ இந்த ரகம்தான். ஆனால் விலை தெரிந்து வருபவர்களும் தெரியாமல் வருபவர்களும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். நுழைவுச்சீட்டும் ஒன்றேதான்.

திங்கள் தவிர மற்ற நாட்களில் திறந்திருக்கும் இந்தக் கூடத்தில் பெரும்பாலும் கூட்டம் இருப்பதில்லை. எதிரே இந்தியா கேட்டில் ஆயிரக்கணக்கானோர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாலையிலும் உள்ளே விரல் விட்டு எண்ணலாம். சில கல்லூரி மாணவர்கள் தரையில் உட்கார்ந்து பென்சிலால் நகல் எடுக்கிறார்கள். வரிசையில் வந்த பள்ளிக் குழந்தைகளை ஆசிரியை அவசரமாக நகர்த்துகிறார். ஒரு சிறுமி மட்டும் 'மூன்று பெண்கள்' முன்னால் தங்கிவிட்டுப் பின்னால் ஓடுகிறாள்.

வாசலருகே உள்ள சிறிய விற்பனைப் பிரிவில் பேத்தி பெரிய அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துக் காட்டினாள். கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் மாட்டலாமே. மூதாட்டி தலையசைத்தார். "கூடத்துல வேண்டாம். தினம் பாத்தா பழகிப் போயிடும்." அதற்குப் பதிலாக ஒரு தபால் அட்டையை எடுத்தார். பின்பக்கத்தைத் திருப்பி, தபால் தலை ஒட்டும் கட்டத்தைப் பழைய உத்தியோகக் கண்ணால் சரிபார்த்தார். யாருக்கு எழுதப் போகிறீர்கள் என்று பேத்தி கேட்டதற்கு, திருவாரூரில் இருக்கும் தங்கையின் பெயரைச் சொன்னார். அவருக்கும் அதே பந்தலில், அதே முகூர்த்தத்தில்தான் கல்யாணம்.